கடைசிச் சுற்றின் சாவி யாரிடம்?

முன்னணியில் இரண்டு பேர். இருவருக்கும் 12 சுற்றில் 8.5 புள்ளி. இருவருமே சென்னைப் பையன்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சுற்று. 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, நெதர்லாந்தின் வட கடலோரத்தில் இருக்கும் வைக் ஆன் ஸே என்ற சிற்றூரில் டாடா ஸ்டீல் செஸ் தொடரின் 13-ம் சுற்று தொடங்கியபோது நிலைமை இதுதான். குகேஷா, பிரக்ஞானந்தாவா? செஸ் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அன்று போட்ட கணக்கு ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் ஜெயித்து மற்றவர் டிரா செய்யலாம். இருவரும் ஜெயிக்கலாம். இருவரும் டிரா செய்து டைபிரேக்கருக்குப் போகலாம். இருவருமே தோற்பார்கள் என்று கணக்குப் போட்டவர் அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இருவருமே தோற்றார்கள். அதற்குப் பிறகும் அவர்களில் ஒருவர்தான் சாம்பியன்!

பெரிய செஸ் தொடர்களின் கடைசிச் சுற்று இப்படித்தான் பல நேரம் கூத்து காட்டுகிறது. அதைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கும். கேமரா முழுக்க முன்னணி வீரர்களின் முகத்தில்தான் இருக்கும். பட்டத்தின் சாவியோ, எதிரே உட்கார்ந்திருக்கும் வேறு ஒருவரின் பையில் கிடக்கும். அவருக்கு அந்தப் பட்டத்தில் எந்தப் பங்கும் இருக்காது. பட்டியலில் எங்கோ கீழே இருப்பார். அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் பெயர் தலைப்புச் செய்தியில் வராது. வைக் ஆன் ஸேயில் அன்று அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்: அர்ஜுன் எரிகைசி, வின்சென்ட் கெய்மர்.

அவர்களிடம் போவதற்கு முன், அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1938-ல் பக்கத்து ஊரான பெவர்வைக்கில், ஹூகோவன்ஸ் என்ற உருக்கு ஆலையின் ஆதரவில் தொடங்கிய தொடர் இது. 1968-ல் வைக் ஆன் ஸேக்கு வந்தது. ஆலை கைமாறக் கைமாற தொடரின் பெயரும் மாறியது. ஹூகோவன்ஸ் கோரஸ் ஆனது, கோரஸ் டாடா ஆனது. ஜம்ஷெட்பூரில் வேர்விட்ட நிறுவனத்தின் பெயரில் ஒரு டச்சு கிராமம் ஆண்டுதோறும் ஜனவரிக் குளிரில் செஸ் திருவிழா நடத்துகிறது என்பதே ஒரு வேடிக்கைதான். டி மோரியான் என்ற சமூகக் கூடத்தில் உலகின் முதல்தர வீரர்கள் மேடையருகே ஆட, அதே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான அமெச்சூர்கள் வரிசையாக மேஜை போட்டு ஆடுவார்கள். வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் தன் ஆட்டத்தில் ஒரு நகர்த்தலை முடித்துவிட்டு எழுந்துபோய் உலக சாம்பியன் யோசிப்பதை எட்டிப் பார்க்கலாம். போர் முடிந்த பஞ்ச காலத்தில் விருந்துக்கு வழியில்லாமல் பட்டாணி சூப் ஊற்றினார்களாம். பஞ்சம் போய்விட்டது, சூப் மட்டும் மரபாக நின்றுவிட்டது.

2025-ல் நடந்தது 87-வது தொடர். 14 வீரர்கள், ஆளுக்கு 13 ஆட்டம். குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன், ஹரிகிருஷ்ணா, லியோன் மெண்டோன்சா என ஐந்து இந்தியர்கள். குகேஷுக்கு அப்போது வயது 18. முந்தைய டிசம்பர் 12-ம் தேதிதான் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5-6.5 என வென்று உலக சாம்பியன் ஆகியிருந்தார். ஜனவரி 17-ம் தேதி டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் கேல் ரத்னா விருது வாங்கிக்கொண்டு, அங்கிருந்து விமானம் பிடித்து, மறுநாள் நெதர்லாந்தில் முதல் சுற்று ஆட உட்கார்ந்தார். எதிரே உள்ளூர் நாயகன் அனிஷ் கிரி. தோற்றிருக்க வேண்டிய ஆட்டத்தை, கிரி நேர நெருக்கடியில் கோட்டைவிட, குகேஷ் ஜெயித்தார். அங்கிருந்து 12 சுற்று முடியும்வரை 5 வெற்றி, 7 டிரா. தோல்வியே இல்லை.

பிரக்ஞானந்தா அவரைவிடப் பத்து மாதம் மூத்தவர். இருவரும் சென்னை வேலம்மாள் பள்ளி மாணவர்கள். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள். ‘முதலில் வருவார்’ என்று ஊர் எதிர்பார்த்தது பிரக்ஞானந்தாவை. 2023-ல் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போய் கார்ல்சனிடம் தோற்றவர் அவர். ஆனால் உலக சாம்பியன் நாற்காலியில் போய் உட்கார்ந்தது தம்பி குகேஷ். அந்த வருத்தத்தை அவர் எங்கும் காட்டிக்கொண்டதில்லை. வைக் ஆன் ஸேயில் கடைசிக் கட்டத்தில் காருவானாவையும், 12-ம் சுற்றில் சரானாவையும் வீழ்த்தி, அதுவரை தனியாக ஓடிக்கொண்டிருந்த குகேஷைத் தொட்டுவிட்டார்.

அந்தத் தொடரில் மற்ற நாள்களில் ஆட்டம் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும். கடைசிச் சுற்று மட்டும் நண்பகல் 12 மணிக்கே. கேட்க அற்ப விஷயம். இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரே நேரத்தில் எழுந்து, சாப்பிட்டு, தயாராகி, நடந்து பழகிய உடம்புக்கு அது அற்பமில்லை. அந்த நாளில் எல்லோருமே களைத்திருப்பார்கள். தயாரித்து வைத்திருந்த புதுமைகளில் பாதியை முந்தைய சுற்றுகளில் செலவழித்திருப்பார்கள். முன்னணியில் இருப்பவருக்கு அதோடு இன்னொரு சுமை: ஒரு கண் தன் பலகையில், ஒரு கண் அடுத்த பலகையில். செஸ்ஸில் போட்டியாளர் பத்தடி தள்ளி ஆடிக்கொண்டிருப்பார், அவர் என்ன நிலையில் இருக்கிறார் என்று எழுந்துபோய்ப் பார்த்துவிடலாம். பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

குகேஷுக்கு எதிரே உட்கார்ந்தவர் வாரங்கல் பையன் அர்ஜுன். 2024 டிசம்பர் தரவரிசையில் ஆனந்துக்குப் பிறகு 2800 புள்ளியைத் தாண்டிய இரண்டாவது இந்தியர். அந்த ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் குகேஷ், பிரக்ஞானந்தாவோடு தோளோடு தோள் நின்றவர். ஆனால் வைக் ஆன் ஸே அவருக்குக் கைகொடுக்கவில்லை. அடுத்தடுத்து சறுக்கல். பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தார். கடைசி நாளில் ஜெயித்தால் சில தரவரிசைப் புள்ளிகள் மிஞ்சும், அவ்வளவே. நண்பன், அணித் தோழன், உலக சாம்பியன், பட்டம் அவனுக்கு ஒரு கை தூரத்தில். பேசாமல் பதினைந்து, இருபது நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அர்ஜுன் அடித்து ஆடினார். ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. உலக சாம்பியன் ஆனபின் கிளாசிக்கல் ஆட்டத்தில் குகேஷுக்கு அது முதல் தோல்வி.

இப்போது பிரக்ஞானந்தாவின் நிலையைப் பாருங்கள். கெய்மரோடு டிரா செய்தாலே போதும், பட்டம் அவருக்கு. செஸ்ஸில் ‘டிரா போதும்’ என்பதைவிட ஆபத்தான வரம் கிடையாது. ஜெயிக்க வேண்டுமென்று உட்கார்ந்தால் கை தானாகச் சரியான கட்டத்துக்குப் போகும். டிரா போதுமென்ற நினைப்பு வந்ததும் ஒவ்வொரு காயும் பின்வாங்கத் தொடங்கும், எதிராளிக்கு இடம் விரியும். அன்றைக்கு அதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. நிலை மோசமாகி, பிரக்ஞானந்தா மணிக்கணக்கில் தற்காத்தார் என்பது மட்டும் உண்மை. ஜெர்மனிக்காரரான கெய்மர் விடவே இல்லை. மெதுவாக நெருக்கி, கடைசியில் வென்றார்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்புக்கு குகேஷைத் தயார்செய்த ரகசியக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் இதே கெய்மர். பல வாரம் குகேஷுக்காக உழைத்தவர், அன்று பிரக்ஞானந்தாவை வென்றதன்மூலம் குகேஷுக்கு இரண்டாவது உயிர் கொடுத்தார். ஒலிம்பியாட்டில் குகேஷோடு நின்ற அர்ஜுனோ குகேஷைச் சாய்த்தார். நட்புக்காக யாரும் ஆடவில்லை, பகைக்காகவும் ஆடவில்லை. ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடினார்கள்.

ஆக, இருவரும் மறுபடி 8.5. டைபிரேக்கர். ஆளுக்கு 3 நிமிடமும் நகர்த்தலுக்கு 2 விநாடியும் கொண்ட பிளிட்ஸ் ஆட்டங்கள். நீண்ட ஆட்டத்தில் தோற்றுக் களைத்த பிரக்ஞானந்தாவுக்கு மூச்சுவாங்கக்கூட நேரமில்லை. முதல் ஆட்டம் குகேஷுக்கு. இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. பிறகு சடன் டெத்: வெள்ளைக்கு இரண்டரை நிமிடம், கறுப்புக்கு 3 நிமிடம், யாராவது ஜெயிக்கும்வரை. அதில் குகேஷின் நிலை மோசமாக இல்லை, நெருக்கிக்கொண்டும் இருந்தார். அந்த இடத்தில் ஒரு சிப்பாய் போனது, அடுத்து ஒரு குதிரை போனது. 2-1 என்று முடிந்தது. 2006-ல் ஆனந்த் அந்தப் பட்டத்தை டோபலோவுடன் பகிர்ந்துகொண்ட பிறகு, அங்கே ஜெயித்த முதல் இந்தியர் பிரக்ஞானந்தா. குகேஷுக்கோ அதே ஊரில் அது இரண்டாவது அடி. முந்தைய ஆண்டும் நான்கு பேர் 8.5 புள்ளியில் சமமாக நிற்க, டைபிரேக்கரின் இறுதியில் சீனாவின் வெய் யியிடம் தோற்றிருந்தார்.

‘பகிர்ந்துகொண்ட’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2006-ல் ஆனந்தும் டோபலோவும் 13 சுற்றில் 9 புள்ளி எடுத்தார்கள், இருவரும் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். உலகம் இடிந்து விழவில்லை. இப்போது அப்படி விடுவதில்லை. நேரலைக்கு ஒரு முடிவு வேண்டும், ஒரு முகம் வேண்டும், கோப்பையை உயர்த்த ஒரு ஜோடிக் கைகள் போதும். இரண்டு வாரம் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் யோசித்து எடுத்த புள்ளிகளை மூன்று நிமிட ஆட்டத்தில் தீர்ப்பது பார்க்க விறுவிறுப்புதான். நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021-ல் இதே கூடத்தில் நடந்தது நினைவிருக்கலாம். கிரிக்கும் யோர்டன் வான் ஃபோரீஸ்டுக்கும் டைபிரேக்கர் நடத்த அவசரப்பட்ட அமைப்பாளர்கள், கடைசிச் சுற்று ஆட்டத்தை இன்னும் ஆடிக்கொண்டிருந்த 17 வயது ஃபிரூஜாவிடம் போய், வேறு மேஜைக்கு மாறச் சொன்னார்கள். பையன் கொதித்துவிட்டான். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பந்தி முடியும் முன் இலையை எடுப்பதுபோல்தான் அது.

ஆனால் பிளிட்ஸ் இல்லாத விதிகளும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 2013 ஏப்ரல் 1-ம் தேதி லண்டனுக்குப் போக வேண்டும். முட்டாள்கள் தினத்தில் கேண்டிடேட்ஸ் தொடரின் கடைசிச் சுற்றை வைத்த புண்ணியவான் யாரோ!

எட்டு வீரர்கள், 14 சுற்று. ஜெயிப்பவர் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தோடு மோதுவார். கடைசிச் சுற்றுக்கு முன் கார்ல்சனும் கிராம்னிக்கும் தலா 8.5 புள்ளி. ஆம், அங்கேயும் அதே எட்டரை! சமமாக முடிந்தால் முதலில் நேருக்கு நேர் முடிவு பார்ப்பார்கள். அது 1-1. அடுத்தது, யார் அதிக ஆட்டங்களில் ஜெயித்தார்கள் என்ற கணக்கு. அதில் கார்ல்சன் 5, கிராம்னிக் 4. அதாவது கிராம்னிக் அன்று கார்ல்சனைவிட அரைப்புள்ளி கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும். கார்ல்சனுக்கு எதிரே பீட்டர் ஸ்விட்லர். கிராம்னிக்குக்கு எதிரே உக்ரைனின் வாசிலி இவான்சுக்.

இவான்சுக் ஒரு தனிப் பிறவி. மேதை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நரம்பு எப்போது அறும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அந்தத் தொடரில் ஐந்து ஆட்டங்களில் கடிகாரம் விழுந்து தோற்றார். 40-வது நகர்த்தலுக்குள் நேரம் கூடாத கட்டுப்பாடு அது; யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டால் போச்சு. 14 ஆட்டம் முடிந்தபோது அவருக்கு 6 புள்ளி, ஏழாவது இடம். அதே இவான்சுக் 12-ம் சுற்றில் கார்ல்சனைத் தோற்கடித்தார். அதனால்தான் கிராம்னிக் முன்னே போனார். கடைசிச் சுற்றில் கிராம்னிக்கையும் தோற்கடித்தார். ஸ்விட்லரிடம் கார்ல்சனும் தோற்றார். கிராம்னிக் டிரா செய்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். இருவரும் தோற்று, இருவரும் 8.5-ல் நின்று, ஒரு வெற்றி கூடுதல் என்ற கணக்கில் கார்ல்சன் தேர்வானார். தொடரின் ஏழாவது இடத்துக்காரர் மூன்று சுற்றுக்குள் இரு முன்னணி வீரர்களையும் வீழ்த்தி, உலக சாம்பியன்ஷிப்புக்கு யார் போவது என்று முடிவெழுதிவிட்டார்.

போனது எங்கே? சென்னைக்கு. 2013 நவம்பரில் ஆனந்தின் சொந்த ஊரில் நடந்த அந்தப் போட்டியில் கார்ல்சன் 6.5-3.5 என வென்றார். நமக்கு அது கசப்பான நவம்பர். அந்தப் போட்டியைப் பார்க்க வந்தவர்களில் 7 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கண்ணாடி அறைக்குள் ஆனந்தும் கார்ல்சனும் ஆடுவதை வெளியிலிருந்து பார்த்தவன், ஒருநாள் அந்த அறைக்குள் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் பதினோரு ஆண்டு கழித்து சிங்கப்பூரில் சொன்னான். அவன் பெயர் குகேஷ். லண்டனில் இவான்சுக் அலுப்பில் ஒரு டிராவுக்கு ஒத்துக்கொண்டிருந்தால், அந்தக் கண்ணாடி அறைக்குள் கார்ல்சன் இருந்திருக்க மாட்டார்.

டொரண்டோ கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 2024 ஏப்ரல் 21, கேண்டிடேட்ஸ் கடைசிச் சுற்று. குகேஷ் 8.5, நகமுரா, நெபோம்னியாச்சி, காருவானா மூவரும் தலா 8. நகமுராவோடு டிரா செய்து 9 புள்ளியில் குகேஷ் எழுந்துவிட்டார். இனி அவர் கையில் ஒன்றுமில்லை. காருவானா - நெபோம்னியாச்சி ஆட்டத்தில் யாராவது ஜெயித்தால் டைபிரேக்கர், டிரா ஆனால் 17 வயது குகேஷ்தான் வெற்றியாளர். காருவானாவுக்கு ஜெயிக்கும் நிலை வந்தது, நழுவியது, மறுபடி வந்தது, மறுபடி நழுவியது. 109 நகர்த்தல். டிரா ஆன நிமிடத்தில் பலகையின் இரு பக்கமும் இரண்டு உடைந்த மனிதர்கள். ஒருவர் வருந்துகிறேன் என்றார், மற்றவர் தவறு என்னுடையது என்றார். அங்கே இருவருக்குமே வெற்றி தேவை, அதனால் ஆட்டத்தின் நேர்மை பற்றிக் கேள்வியே எழவில்லை.

கேள்வி எழுவது வேறு இடங்களில். 1962-ல் குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸில் சோவியத் வீரர்கள் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். பெரும்பாலானவை உட்கார்ந்த சூடு ஆறும் முன் முடிந்தவை. மூவரும் சேர்ந்து சக்தியைச் சேமித்து மற்றவர்களோடு மோதினார்கள். பெட்ரோசியன் ஜெயித்தார், நாலாவதாக வந்த பாபி ஃபிஷர், ரஷ்யர்கள் செஸ்ஸையே கூட்டுச் சதி ஆக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையில் எழுதிக் கொந்தளித்தார். அதன்பின் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அந்தத் தொடரின் வடிவத்தையே மாற்றி, நேருக்கு நேர் மோதும் நாக்-அவுட் ஆக்கியது. பழையபடி சுழற்சி முறைக்குத் திரும்பிய இக்காலத்தில், ஒரே நாட்டு வீரர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதிவிடும்படி கேண்டிடேட்ஸ் அட்டவணை போடுகிறார்கள். கடைசி நாளில் நண்பனுக்கு நண்பன் புள்ளி தானம் செய்துவிடக் கூடாதே!

வைக் ஆன் ஸேயில் அப்படி ஒரு வேலி கிடையாது. அதனால்தான் 13-ம் சுற்றில் ஒரு இந்தியர் எதிரே இன்னொரு இந்தியர் வர முடிந்தது. விதி தடுக்காத இடத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றியது அர்ஜுனின் பிடிவாதம்தான். பிரக்ஞானந்தாவின் அந்த ஆண்டுக் கோப்பைகளை நாம் கொண்டாடினோம். வைக் ஆன் ஸேக்குப் பிறகு மே மாதம் புக்கரெஸ்ட், ஜூன் மாதம் தாஷ்கண்ட் என்று இன்னும் இரண்டு பட்டம், அவையும் டைபிரேக்கரில்தான். தோல்விக்குப் பின் தலையைத் தொங்கப்போடாமல் உடனே அடுத்த ஆட்டத்துக்கு உட்காரும் அந்தத் திறனுக்கு ஆயிரம் பாராட்டு தகும். அதில் ஒரு பங்கையாவது, குகேஷுக்கு அன்று விட்டுக்கொடுக்காத வாரங்கல் பையனுக்கும் கொடுக்க வேண்டும். அவர் சும்மா டிரா செய்திருந்தால் குகேஷ் 9 புள்ளியில் தனியாக நின்றிருப்பார். பிரக்ஞானந்தாவின் பெயர் அந்தக் கோப்பையில் ஏறியிருக்காது.

அடுத்த பெரிய தொடரின் கடைசிச் சுற்றை நேரலையில் பார்க்க உட்காரும்போது, புள்ளிப் பட்டியலை ஒருமுறை கீழிருந்து மேலாகப் படியுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் இருப்பவர் அன்றைக்கு யாரோடு ஆடுகிறார் என்று பார்த்துவிட்டு, அந்தப் பலகையை முதலில் திறந்து வையுங்கள்.